வன்தரையிறக்கம்: சொல்லும் பொருளும்

சிறிய விமானம் ஒன்று ஓடுபாதையில் பலமாக மோதி இறங்கி, முன்சக்கரம் உடைந்து நின்றால், மறுநாள் செய்தி பெரும்பாலும் 'விமானம் விழுந்து நொறுங்கியது' என்றே வருகிறது. வானத்திலிருந்து விழுவது வேறு, இறங்கும்போது தரையில் அடிபடுவது வேறு. இரண்டாவதை ஆங்கிலத்தில் 'ஹார்ட் லேண்டிங்' என்பார்கள்; பிரிட்டன்காரர்கள் 'ஹெவி லேண்டிங்' என்றும் சொல்வார்கள்.

'லேண்ட்' என்ற வினை முதலில் கப்பலுக்கு உரியது. கடலிலிருந்து கரையேறுவதைக் குறித்த சொல் பிறகு விமானத்துக்கும் வந்தது. தமிழில் கப்பலிலிருந்து கரையிறங்குவோம், விமானம் தரையிறங்கும். கரை, தரை என்று நாம் பிரித்தே வைத்திருக்கிறோம்.

சிக்கல் 'ஹார்ட்' என்பதில்தான். அதைக் 'கடினத் தரையிறக்கம்' என்று எழுதுகிறார்கள். கடினம் என்றால் இன்று நமக்குச் சிரமம் என்றே படுகிறது, விமானி சிரமப்பட்டு இறக்கினார் என்ற பொருள் வந்துவிடும். எந்தச் சிரமமும் இல்லாத தெளிந்த வானிலையிலும், கவனம் ஒரு நொடி பிசகினால் இது நடக்கும். வல்லினம், மெல்லினம் என்று பழகிய மொழிக்கு வன், மென் இணை கையிலேயே இருக்கிறது. வன்பொருள், மென்பொருள் வந்ததும் அந்த வழியில்தான். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை மென்தரையிறக்கம் என்றால், 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் மோதியது வன்தரையிறக்கம். ஆனால் விண்வெளியில் அந்தச் சொல் பெரும்பாலும் கலம் அழிந்ததையே குறிக்கும். விமானத்தில் அப்படி இல்லை.

விமானத்தில் இது கீழிறங்கும் வேகத்தைப் பொறுத்தது. வழக்கமாக விமானம் தரையைத் தொடும்போது நொடிக்கு 2, 3 அடி வேகத்தில்தான் கீழிறங்கும். பெரிய பயணிகள் விமானத்தின் சக்கரக் கால்கள் நொடிக்கு 10 அடி வரை தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. சிறிய விமானங்களுக்கு அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்த விதி, எடைக்கும் இறக்கைக்கும் ஏற்ப 7 முதல் 10 அடி. 10 அடி வேகம் என்பது ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்திலிருந்து அப்படியே கீழே போடுவதற்குச் சமம். கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும், ஆனால் மொத்த எடையும் அந்தக் கால்களில்தான் இறங்குகிறது.

செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்தில் இது நடக்கும் விதம் இரண்டு. தரைக்குச் சற்று மேலே விமானி மூக்கை மெல்லத் தூக்கி, இறங்கும் வேகத்தைக் குறைப்பார். அதைச் சீக்கிரமே செய்துவிட்டால் வேகம் வற்றி, விமானம் தொப்பென்று விழும். தாமதித்தால் முன்சக்கரம் முதலில் இடித்து, விமானம் துள்ளும். துள்ளலை அடக்க மூக்கை அழுத்தினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும். அப்புறம் முன்கால் மடங்கி, மூக்கில் இருக்கும் சுழலி (புரொப்பெல்லர்) தரையில் அடிக்கும். சுழலி அடித்தால் இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் மோசமாகத் துள்ளினால் முழு விசை கொடுத்து மறுபடி மேலே ஏறிவிடச் சொல்லித் தருகிறார்கள்.

மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானி வேண்டுமென்றே சற்று அழுத்தி இறக்குவார், சக்கரம் நீர்ப்படலத்தில் வழுக்காமல் இருக்க. அது வன்தரையிறக்கம் ஆகாது. பயணிக்கு இரண்டும் 'தொம்'தான், வரம்பைத் தாண்டியதா என்பதே வேறுபாடு. பெரிய விமானத்தில் கருவிகள் அதைப் பதிந்துவிடும். பழைய சிறு விமானங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. விமானி வாய் திறந்து சொன்னால்தான் பொறியாளர் விரிசலைத் தேடுவார். சொல்லாமல் விட்டால் அடுத்து ஏறுபவர் ஆபத்தோடு பறக்கிறார்.

எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு 2025 பிப்ரவரி 17 அன்று டொரண்டோவில் நடந்ததே சான்று. சிஆர்ஜே-900 ரகப் பயணிகள் ஜெட் நிமிடத்துக்குச் சுமார் 1,100 அடி, அதாவது நொடிக்கு 18 அடி வேகத்தில் தரையைத் தொட்டது. வலப்பக்கச் சக்கரத் தாங்கி முறிந்து, இறக்கை பிய்ந்து, விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. அதில் இருந்த 80 பேரும் உயிர் தப்பினார்கள்.

எழுதும்போது வினையாக வேண்டுமென்றால் 'வன்தரையிறங்கியது' என்பது நாக்கில் இடறும். 'ஓடுபாதையில் பலமாக மோதி இறங்கியது' என்றே எழுதலாம். சக்கரம் விரியாமல் வயிற்றில் இறங்கினால் வயிற்றுத் தரையிறக்கம், கோளாறால் உடனே இறக்க நேர்ந்தால் அவசரத் தரையிறக்கம். 'விழுந்து நொறுங்கியது' என்பதை, விழுந்து நொறுங்கிய விமானத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.