புது கார்தானேன்னு இறக்கத்துல பிரேக்க மட்டும் நம்பி வராதீங்க

இந்த லீவுலயும் அதே கேஸ்தான். கொழும்புல வாடகைக்கு எடுத்த கார், உள்ள சின்னப் புள்ளைங்களோட ஒரு குடும்பம், நுவரெலியாவுல இருந்து எறங்கி லபுக்கலை தாண்டுனதுமே முன் வீல் ரெண்டுலயும் புகை, இறம்பொடை வளைவுக்கு வரும்போது பெடல் மிதிச்சா அடி வரைக்கும் போகுது. மலைப் பக்கம் மண் திட்டுல உரசி நிப்பாட்டுனதால எல்லாரும் உசுரோட இருக்காங்க. எங்க கராஜுக்கு இழுத்துட்டு வந்ததும் அந்தத் தம்பி கேட்ட மொதக் கேள்வி, "அண்ணே, வண்டி புதுசு, பிரேக் எப்படிண்ணே ஃபெயில் ஆகும்?"

தம்பி, பிரேக் ஃபெயில் ஆகல. கழட்டிப் பார்த்தேன், பிரேக் பேட் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுது, டிஸ்க் நீலம் பூத்திருக்கு, லீக் எங்கயும் இல்ல. சூடு, அவ்வளவுதான்.

ஆட்டோ கியர்னா டி-ல போட்டுட்டு பிரேக்க மிதிச்சா போதும்னு யாரு சொல்லிக் குடுக்குறாங்கன்னே தெரியல, வர்ற எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், கீழ இருக்கிற கம்பளை 500 மீட்டர் கூட இல்ல, அவ்வளவு உயரத்தையும் கால் பிரேக் ஒண்ணே தாங்கணும்னா எந்தப் புது வண்டியும் தாங்காது. டாட் 3 பிரேக் ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, தண்ணி ஏறி பழசானா 140லயே கொதிச்சிடலாம். கொதிச்சா பெடல் மெத்துன்னு உள்ள போகும். வண்டிக்கு என்ன வயசுன்னு பார்த்து பிரயோஜனம் இல்ல, பிரேக் ஆயில் எப்ப மாத்துனாங்கன்னு கேளுங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா அந்தக் கார மலைக்கு எடுக்காதீங்க. கொழும்பு ரோட்ல ஓடுற வரைக்கும் இந்தக் குறை வெளிய தெரியவே தெரியாது.

கியர் லீவர்ல டி-க்குக் கீழ எல், எஸ், 2ன்னு ஏதாச்சும் ஒண்ணு இருக்கும், அக்வா, ப்ரியஸ்னா பி. அது இறக்கத்துக்குத்தான், அதுல போட்டா எஞ்சினே வண்டிய புடிச்சு மெதுவாக்கும். ஹைபிரிட்காரங்க பேட்டரி சார்ஜ் ஆகும்போதே வண்டிய புடிச்சுக்கும்னு நினைக்கிறாங்க, நீள இறக்கத்துல பேட்டரி நிறைஞ்சிடுச்சுன்னா அதுக்கப்புறம் பாரம் முழுக்க பிரேக்குக்குத்தான் வரும். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல எறங்குறத இன்னைக்கே விட்டுடுங்க.

வெளிநாட்ல இருந்து வர்றவங்க லைசன்ஸுக்கு இங்க அங்கீகாரம் எடுக்காம சாவிய கையில வாங்காதீங்க. கூகுள் மேப் காட்டுதுன்னு தோட்டத்து ரோட்ல நுழையாதீங்க, எதிர்ல லொறி வந்தா ரிவர்ஸ்லயே ரொம்ப தூரம் போக வேண்டி வரும். ஏறி வர்ற வண்டிக்கு நின்னு வழி விடுங்க, வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிங்க. பகல் ஒன்றரைக்கு மேல ஸ்கூல் விட்டு எங்க புள்ளைங்க ரோட்டோரமாத்தான் நடந்து வரும், பனி இறங்குனா பத்தடிக்கு அங்கிட்டு கண்ணு தெரியாது, கையெடுத்து கும்புடுறேன், மெதுவா வாங்க. 2025 நவம்பர்ல டித்வா புயல் மலைய எப்படி சரிச்சிச்சுன்னு பார்த்தோம், மழை வலுத்தா மண்சரிவு எச்சரிக்கைய பார்க்காம கெளம்பாதீங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117க்கு அடிச்சு கேளுங்க.

எரியுற வாடை வந்துச்சுன்னா, இல்ல பெடல் லேசா மெத்துன்னு ஆச்சுன்னா, அடுத்த ஊர் வரைக்கும் போயிப் பார்ப்போம்னு இழுக்காதீங்க. கியர ஒண்ணொண்ணா கொறைங்க, ஹேண்ட் பிரேக்க விட்டு விட்டு இழுங்க, நிக்கவே இல்லன்னா பள்ளத்துப் பக்கம் திருப்பாம மலைப் பக்கமா உரசுங்க. நின்னதும் வீல்ல தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க்ல வெடிப்பு விழலாம். அரைமணி நேரமாச்சும் ஆறட்டும். அப்பவும் பெடல் சரியா வரலன்னா பக்கத்து கராஜ்ல ஆள வரச் சொல்லுங்க, யாருக்காவது அடிபட்டிருந்தா 1990 நம்பருக்கு அடிச்சா ஆம்புலன்ஸ் வரும், காசு கேக்க மாட்டாங்க.