கோட்டைக்கு முன்பு மதில்: வட வேல்ஸில் இரண்டு இடைக்கால ஊர்கள்

பிரிட்டனுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களை வட வேல்ஸுக்கு அழைத்துச் சென்று காட்டும் வழிகாட்டி நான். கான்வி ஊரில் வண்டி நின்றவுடன் ஏறக்குறைய எல்லாரும் கோட்டையின் எட்டுக் கோபுரங்களை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களை நிறுத்தி, முதலில் ஊர்மதிலைப் பார்க்க வைப்பதுதான் அன்றைய என் முதல் வேலை. கோட்டை எங்கே ஓடிவிடப் போகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரியாமல் அதற்குள் நுழைகிறவருக்கு அது படம் எடுப்பதற்கான பின்னணியாக மட்டுமே நின்றுவிடுகிறது.

வட வேல்ஸில் இருந்த குவினெத் நாட்டை ஆண்ட லுவெலின் 1282 டிசம்பரில் கொல்லப்பட்ட பிறகு, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1283இல் கான்வியில் கட்டுமானத்தைத் தொடங்கினார். கோட்டையையும் ஊர்மதிலையும் ஒரே திட்டமாக, சவாய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் என்ற தலைமைக் கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில், நான்கே ஆண்டுகளில் பெரும்பாலும் முடித்தார்கள். செலவு சுமார் 15,000 பவுண்டு. அந்த இடம் வெறும் நிலமாகவும் இருக்கவில்லை. வேல்ஸ் அரசர்கள் ஆதரித்த துறவிகளின் மடம் ஒன்று அங்கே இருந்தது. 1240இல் இறந்த பெரிய லுவெலின், அதாவது கொல்லப்பட்ட லுவெலினின் பாட்டனார், அந்த மடத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். எட்வர்டு துறவிகளை ஆற்றங்கரையோடு மேலே வேறோர் இடத்துக்கு அனுப்பிவிட்டு அங்கேயே கோட்டையை எழுப்பினார். மடத்தின் தேவாலயம் ஊர்க் கோவிலாக மாற்றப்பட்டு இன்றும் மதிலுக்குள் நிற்கிறது.

மதிலின் நீளம் 1.3 கிலோமீட்டர். அதில் 21 கொத்தளங்களும் மூன்று பழைய வாயில்களும் உள்ளன. மேலே நடக்கும்போது கொத்தளங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சுவர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடிந்து விழுந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அப்படித்தான் கட்டினார்கள்: கொத்தளத்தின் திறந்த வாயைக் கடக்க ஒரு மரப்பாலம் இருக்கும், எதிரி மதிலின் ஒரு பகுதியில் ஏறிவிட்டால், பாலத்தை எடுத்துவிட்டு அவனை அந்தத் துண்டிலேயே அடைத்துவிடலாம். மதிலின் தென்பகுதியில், வெளிப்புறமாக நீட்டிய கற்களின் மேல் வரிசையாகப் பன்னிரண்டு கழிப்பிடங்கள் இருக்கின்றன. அரசு அலுவலர்களுக்காகக் கட்டப்பட்டவை. பிள்ளைகள் கோபுரங்களை மறந்துவிடுகிறார்கள், இதை மறப்பதில்லை.

இந்த மதிலுக்குள் குடியேற்றப்பட்டவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1284இல் வழங்கப்பட்ட அரச சாசனம் அவர்களுக்கு மனையும் வணிக உரிமையும் கொடுத்தது. சுற்றுவட்டார வேல்ஸ் மக்களுக்கு அந்த உரிமை இல்லை. கோட்டைத் தளபதியே ஊரின் மேயராகவும் இருந்தார். கோட்டையில் வைக்க உத்தரவிடப்பட்ட காவற்படை முப்பது பேர்தான், அவர்களில் பதினைந்து பேர் குறுக்குவில் வீரர்கள். இவ்வளவு பெரிய கோட்டைக்கு முப்பது பேரா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மதிலும் கடல்வழியும் கைவசம் இருந்தால் சிறுபடையே போதும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் கணக்கு. 1294இல் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது எட்வர்டே இந்தக் கோட்டைக்குள் முற்றுகைக்கு உள்ளாகி, உணவு குறைந்து, கப்பல் வந்த பிறகே மீண்டார். ஆனால் 1401இல், புனித வெள்ளியன்று காவலர்கள் தேவாலயத்தில் இருந்த நேரத்தில், தச்சு வேலைக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தவர்களிடம் அதே கோட்டை பறிபோனது.

இதையெல்லாம் மதிலின் மேல் நின்று பேசிவிட்டுத்தான் கோட்டைக்குள் போகிறோம். அங்கே எனக்குக் கவலை தருபவை சுழல் படிகள். நடுக்கல்லை ஒட்டிய பக்கத்தில் ஒவ்வொரு படியும் விரற்கடை அகலத்துக்குக் குறுகிவிடும். வெளிச்சுவரை ஒட்டித்தான் முழுப் பாதமும் பதியும். பல நூற்றாண்டுக் காலடிகளால் நடுவில் குழிந்த கல், மழை பெய்த நாளில் வழுக்குகிறது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் வார்ச்செருப்போடு ஏறி, இறங்கும்போது மூன்று படிகள் சறுக்கி, முழங்கையில் காயத்தோடு தப்பினார். காலணி பற்றி நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அன்று முதல், பின்பட்டி உள்ள, பிடிமானமான அடிப்பகுதி கொண்ட காலணி இல்லாதவர்களை மேலே அனுப்புவதில்லை. புடவை கட்டியவர்கள் கொசுவத்தை உயர்த்திச் செருகிக்கொள்ள வேண்டும். இறங்குகிறவருக்கு அகலமான பக்கத்தை விட்டுவிட்டு, ஏறுகிறவர் அருகிலுள்ள வாயிற்படியில் ஒதுங்கி நிற்பதே முறை. மூட்டுவலி உள்ளவர்கள் ஏறாமலே முற்றத்தில் இருந்து மண்டபத்தையும் கோபுரங்களையும் நிறைவாகப் பார்க்கலாம். ஊர்மதிலையும் கீழே தெருவோடு நடந்தே பார்க்கலாம்.

அந்தப் படிகளைப் பற்றி வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு: வலக்கை வாள்வீரனுக்கு வசதியாக இருக்கட்டும் என்றே படிகள் வலஞ்சுழியாக அமைக்கப்பட்டனவாம். நானும் தொடக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். இடைக்காலச் சான்று எதுவும் இதற்கு இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சில் வந்த ஊகம் பரவிவிட்டது, அவ்வளவுதான். எதிரி படிக்கட்டு வரை வந்துவிட்டான் என்றால் கோட்டை ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். கோட்டையை ஒட்டிய தொங்கு பாலத்தின் கோபுரங்களையும் இடைக்காலத்தவை என்று நினைத்துப் படமெடுக்கிறார்கள். அவை தாமஸ் டெல்ஃபோர்டு 1826இல் கோட்டைக்குப் பொருந்துமாறு கட்டியவை.

மதிய உணவுக்குப் பிறகு கேர்நார்வன். கான்வி காவலுக்கான இடம் என்றால் இது அதிகாரத்தைக் காட்சிக்கு வைத்த இடம். கோபுரங்கள் வட்டமாக இல்லாமல் பல முகங்களோடு இருக்கின்றன. சுவர்களில் நிறம் மாறிய கல்வரிசைகள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. கான்ஸ்டான்டிநோபிள் நகர மதிலை நினைவூட்டவே இப்படிக் கட்டினார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. 1284இல் எட்வர்டின் மகன் இங்கே பிறந்தார். பின்னாளில் அவரே வேல்ஸ் இளவரசர் பட்டமும் பெற்றார். 1911இலும் 1969இலும் அதே பட்டத்துக்கான விழாக்கள் இந்த முற்றத்தில் நடந்தன, வேல்ஸில் எதிர்ப்பும் இருந்தது. இன்று கேர்நார்வன் தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் வேல்ஸ் மொழிதான். யாரை வெளியே வைப்பதற்காக மதில் எழுந்ததோ, அவர்களுடைய மொழி அதே மதிலுக்குள் ரொட்டிக் கடையில் விலை பேசிக்கொண்டிருக்கிறது.

கான்வி, கேர்நார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் ஆகிய, எட்வர்டு கட்டிய நான்கு கோட்டைகளும் 1986இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. வேல்ஸ் அரசர்கள் தாமே கட்டிய கோட்டைகள் அந்தப் பதிவில் இல்லை. ஆகவே நேரம் இருந்தால், வண்டியை லான்பெரிஸ் பக்கம் திருப்பி டோல்பாடார்னில் நிறுத்தச் சொல்வேன். ஏரிக்கு மேலே, மலைக்கணவாயைப் பார்த்தபடி, பெரிய லுவெலின் காலத்து வட்டக் கோபுரம் ஒன்று தனியாக நிற்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, கூட்டமும் இருக்காது. எட்வர்டின் ஆட்கள் 1284இல் இந்தக் கோட்டையின் மரங்களைக் கழற்றி, கேர்நார்வன் கட்டுமானத்துக்கு எடுத்துச் சென்றார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் தளமும் இல்லை, கூரையும் இல்லை. வட்டச் சுவருக்கு மேலே வானம்தான் தெரியும்.