மவுஸ் பேட் வாங்கும்போது வெளிச்சத்தைக் கடைசியாகப் பாருங்கள்

என் பணிமேசைக்கு இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது: சோப்புத்தூள் கரைத்த வாளியில் இரவு முழுக்க ஊறிய எல்இடி மவுஸ் பேட், அதாவது யுஎஸ்பியில் செருகினால் ஓரத்தில் வண்ண விளக்கு எரியும் மவுஸ் விரிப்பு. மூலையிலுள்ள சிறிய பெட்டியைத் திறந்தால் மின்பலகையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. முறுக்கிப் பிழிந்ததில் ஓரத்தின் ஒளிக்குழாய் இரண்டு இடங்களில் முறிந்திருக்கிறது. கணினி பழுதுபார்க்கும் நான் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. "வெளிச்சம் இருந்தால் கேமில் குறி தப்பாது என்று பையன் சொன்னான், அதனால்தான் விலை கூடினாலும் வாங்கிக் கொடுத்தேன்" என்றார் அந்த அம்மா.

துவைத்ததைவிட இந்த நம்பிக்கைதான் எனக்கு அதிக ஆற்றாமையைத் தருகிறது. எத்தனை பேர் இப்படியே சொல்கிறார்கள்!

மவுஸுக்கு வெளி வெளிச்சம் ஒரு பொட்டும் தேவையில்லை. அதன் அடியிலேயே விளக்கு இருக்கிறது. சாதாரண மவுஸைக் கவிழ்த்தால் பெரும்பாலும் சிவப்பாகத் தெரியும். விளையாட்டு மவுஸ்கள் பலவற்றில் அது அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒளி பேட்டின் துணியில் சாய்வாக விழுகிறது. உள்ளே இருக்கும் சென்சார் துணியின் இழைகளை விநாடிக்குப் பல ஆயிரம் முறை படமெடுத்து, ஒவ்வொன்றையும் முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, மவுஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. ஓரத்தில் ஓடும் வண்ணங்களுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. நீலமாக எரிந்தாலும், ஏழு நிறத்தில் ஓடினாலும், அணைந்தே கிடந்தாலும் குறி மாறாது. வெளிச்சம் அழகுக்குத்தான். அழகு பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் நெசவு சீராக இருக்கிறதா, ஓரத் தையல் பிரியாமல் இருக்கிறதா, அடி ரப்பர் மேசையைப் பிடித்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கண்ணாடி மேசை வைத்திருப்பவர்களுக்குப் பேட் கட்டாயம். தெளிந்த கண்ணாடியில் பல சென்சார்கள் தடுமாறும்.

அடுத்தது அளவு. டேப்பை எடுத்து மேசையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பெரிய பேட்கள் பெரும்பாலும் 800க்கு 300 அல்லது 900க்கு 400 மில்லிமீட்டரில் வருகின்றன. மூன்றடி மேசையில் 900 மில்லிமீட்டர் பேட்டை விரித்தால் பக்கத்துக்கு அரை அங்குலம்கூட மிஞ்சாது. நோட்டுப் புத்தகத்தை எங்கே வைப்பான் பிள்ளை? மேல் மூலையில் புடைத்து நிற்கும் விளக்குப் பெட்டிக்கும் மானிட்டர் தாங்கிக்கும் இடம் இடிக்காமல் இருக்க வேண்டும். 800 டிபிஐ (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் திரையில் அம்பு எத்தனை பிக்சல் நகரும் என்ற கணக்கு) அமைப்பில், வேக முடுக்கம் எதுவும் இல்லாமல், 1920 பிக்சல் அகலத் திரையை முழுதாகக் கடக்க மவுஸ் நகர வேண்டியது சுமார் 6 சென்டிமீட்டர்தான். சுடும் விளையாட்டுகளில் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு முழங்கையோடு கையை வீசி ஆடுபவர்களுக்குத்தான் அகலமான பேட் உண்மையில் உதவும்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். கீபோர்டு, மவுஸ், ஹெட்போன், பேட் எல்லாவற்றையும் தனி அடாப்டர் இல்லாத ஒரே யுஎஸ்பி ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) செருகாதீர்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தர வேண்டியது 500 மில்லிஆம்பியர்தான். அதை நால்வர் பங்கிட்டால் ஆட்டத்தின் நடுவே மவுஸ் விட்டுவிட்டு நிற்கும். மவுஸ் கெட்டுவிட்டது என்று கொண்டுவருகிறார்கள். நான் ஹப்பைக் கழற்றி, கணினியிலேயே நேராகச் செருகிக் காட்டி அனுப்புகிறேன். (கணினியை அணைத்த பிறகும் பேட் எரிந்தால் பயப்பட வேண்டாம். பல மதர்போர்டுகள் அணைந்த நிலையிலும் யுஎஸ்பிக்கு மின்சாரம் விடும். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் அதை நிறுத்தலாம்.)

பேட்டை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மடித்து அனுப்பப்பட்டு வந்தால் அன்றே மாற்றிக் கேளுங்கள்.

அம்மாக்களே, அப்பாக்களே, வியர்வைக் கறையைப் பார்த்ததும் தயவுசெய்து வாளியைத் தேடாதீர்கள். முதலில் கம்பியைக் கழற்றுங்கள். மிதமான சோப்பு நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடையுங்கள். பெட்டியின் பக்கம் ஈரமே போகக் கூடாது. வெயிலில் போடாமல் நிழலில் விரித்து வையுங்கள். அடியில் கையை வைத்துப் பார்த்து, ஈரம் கொஞ்சமும் இல்லை என்று தெரிந்த பிறகே திரும்பச் செருகுங்கள்.