ஆலை மூடிவிட்டது, ஈயம் போகவில்லை

மூடிக் கிடக்கும் ஈயம் உருக்கும் ஆலைக்குப் பக்கத்து மண் ‘பாதுகாப்பானது’ என்று இன்னொரு அறிக்கை. பார்த்தால், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த இரண்டே மாதிரிகள். குழந்தை என்ன, கடப்பாரையால் தோண்டியா மண்ணை வாயில் வைக்கிறது?

புகைபோக்கித் தூசி கிளறாத மண்ணில் மேலாகவே தங்கும். அடிமண்ணோடு கலந்து அளந்தால் எண் குறையும், ஆபத்து குறையாது. விளையாடும் இடம், வாசல், கூரைத் தண்ணீர் சொட்டும் ஓரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் பத்துப் புள்ளிகளில் மேல் 2 சென்டிமீட்டரைச் சுரண்டிக் கலந்துகொள்ளுங்கள். காய்கறிப் பாத்திக்கு மட்டும் வேர் போகும் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை. மண் அள்ளத் துத்தநாகம் பூசிய கரண்டியைத் தொடாதீர்கள், அந்தப் பூச்சு மாதிரியில் கலந்துவிடும். விரலில் ஒட்டுவது நுண்துகள். ஆகவே 150 மைக்ரான் சல்லடையில் இறங்குவதைச் சோதிக்க வேண்டும். எக்ஸ் கதிர் பாய்ச்சி, உலோகங்கள் திரும்ப உமிழும் கதிர்களை வைத்து அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி ஈர மண்ணில் குறைத்துக் காட்டும். ஈயம் மிகுந்த மண்ணில் அது சொல்லும் ஆர்சனிக் (ஆலைத் தூசியில் ஈயத்தோடு வரக்கூடிய இன்னொரு நச்சு) அளவையும் அப்படியே நம்ப முடியாது. இரண்டின் கதிர்களும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் விழுகின்றன.

“ஆலையை மூடிப் பல வருஷம் ஆச்சே, பெய்த மழையில் எல்லாம் போயிருக்கும்.” இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போகாது. ஈயம் தனிமம், மக்காது, ஆவியாகாது, கிருமி தின்றும் தீராது. களிமண்ணும் மட்கும் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். மழை அடித்துச் செல்வது கொஞ்சம் மண்ணைத்தான், அதுவும் பள்ளத்தில் இருப்பவர் வாசலுக்கு. பல தலைமுறைகள் கழித்தும் ஈயம் அங்கேயே இருக்கும். புல் முளைத்திருப்பதும் சான்றல்ல. மனிதருக்குக் கேடான அளவிலும் புல் செழிக்கும்.

கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயம் உள்ள மண்ணில் தினம் 200 மில்லிகிராம் வாய்க்குள் போனால் 80 மைக்ரோகிராம் ஈயம். அமெரிக்காவில் குடியிருப்பு மண்ணுக்கான எச்சரிக்கை அளவாக நெடுங்காலம் இருந்தது இந்த 400தான். 2024-ல் 200 ஆக்கினார்கள். (அறிக்கை எழுதும் தம்பிகளுக்கு: உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 0.0035 மில்லிகிராம் ஈயம் வரை பரவாயில்லை என்று வைத்துக்கொண்டு, உள்ளே போவதை அதால் வகுத்து ‘அபாயக் குறியீடு ஒன்றுக்குக் கீழ்’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். அந்த எண்ணுக்கு அடிப்படையான வார வரம்பு 2010-லேயே திரும்பப் பெறப்பட்டது. ரத்த ஈய அளவைக் கணித்துச் சொல்லுங்கள்.)

வெறும் மண்ணை மூடுங்கள். சுத்தமான மண், புல், சரளை எதுவானாலும் சரி. விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். செருப்பு வெளியே. சாப்பிடும் முன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிழங்கைத் தோல் சீவுங்கள். கீரை மட்டும் தனிக் கதை: மேலே ஒட்டிய ஈயத் தூசியைக் கழுவிவிடலாம், வேர் வழியே ஏறிய காட்மியத்தை (அதே தூசியில் வரக்கூடிய இன்னொரு நச்சு உலோகம்) கழுவ முடியாது. அந்த மண்ணில் கீரை போடாதீர்கள். ஈயத்தைக் கட்டுப்படுத்த யாராவது பாஸ்பேட் உரம் கொட்டச் சொன்னால், முதலில் ஆர்சனிக் அளவைக் கேளுங்கள். பாஸ்பேட் ஆர்சனிக்கை மண்ணிலிருந்து விடுவித்துவிடும்.

தயவுசெய்து, ‘நச்சு நீக்கும்’ கஷாயம் எதுவும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ரத்த ஈயப் பரிசோதனை செய்யுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்ததில் அளவு கூடினால், தோலில் இருந்த தூசியாகவும் இருக்கலாம். கையின் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இரும்புச்சத்தையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள், அது குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.