"ஊட்லயே பெத்துக்கறேன் சிஸ்டர்"

எட்டாம் மாதச் செக்கப். பி.பி. பார்க்கக் கையை நீட்டியபடியே சொன்னாள்: "இந்தவாட்டி ஊட்லயே பெத்துக்கறேன் சிஸ்டர். எங்க அத்தை நாலு புள்ளயும் அங்கதான் பெத்தாங்க."

அஞ்செட்டிக்கு மேலே மலை கிராமம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் 17 வருடமாகப் பிரசவ வார்டில் இருக்கிறேன், இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. முன்பெல்லாம் உடனே திட்டிவிடுவேன். திட்டு வாங்கியவர்கள் அடுத்த செக்கப்புக்கே வருவதில்லை என்பது புரியக் கொஞ்சம் நாளானது. அதனால் முதல் பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்டேன்.

வேறொரு மருத்துவமனை. வலியே இல்லாதவளைப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. மூச்சுவிட நேரமில்லாமல் வலிமேல் வலி. அம்மா வெளியே. கத்தினால் அதட்டல்.

பழைய அட்டையை வாங்கிப் பார்த்தேன். 38-வது வாரம், பிரஷர் 150/100, சிறுநீரில் புரதம் (ஊரில் 'உப்பு' என்பார்கள்). காரணம் அங்கேயே எழுதியிருந்தது! இந்த நிலையில் குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வருவதுதான் வைத்தியம். காத்திருந்தால் தாய்க்கு ஃபிட்ஸ் வரலாம். வலி வரவைத்தது சரியான முடிவுதான். அதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாததுதான் தப்பு. என்னைக் கேட்டால், வீட்டுப் பிரசவம் கேட்கிறவர்களில் பாதிப்பேர் ஓடுவது ஊசியைப் பார்த்து இல்லை, எங்களைப் பார்த்துத்தான்.

சரி, வலி வரவைப்பது என்றால் என்ன? கருப்பை வாய் இளகியிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இளகவில்லை என்றால் ஜெல், மாத்திரை, அல்லது சின்ன பலூன் வைத்த டியூப். இதற்கே ஒரு நாள்கூட ஆகலாம். 'காலையில சேர்த்தோம், இன்னும் பொறக்கல' என்று வாசலில் சண்டைக்கு வரும் மாமாக்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்கவும். பிறகுதான் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் மருந்து டிரிப்ஸில், சில சொட்டில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவோம். தானாக வரும் வலியைவிட இது கடுமையாகத் தெரியும், மறைக்க மாட்டேன். இரண்டு வலிக்கு நடுவே கருப்பை தளர வேண்டும். அந்த இடைவெளியில்தான் குழந்தைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகும். 10 நிமிடத்தில் 5 வலிக்கு மேல் வந்தால் டிரிப்ஸைக் குறைப்போம், தேவைப்பட்டால் நிறுத்துவோம்.

வீட்டுப் பிரசவத்தில் எனக்குப் பயம், பிள்ளை பிறந்த பிறகு வரும் நிமிடங்கள்தான். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. நஞ்சு பிரிந்ததும் கருப்பை கல்லுபோல இறுகாவிட்டால் அவ்வளவும் வெளியேதான். இரவில் யானை நடமாடும் மலைச்சாலை. தார் ரோடு முடியும் இடம்வரைதான் 108 வரும், அதுவரை தூளி கட்டித்தான் தூக்க வேண்டும். இங்கிலாந்தில் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி, ரத்தம் நிற்க வைக்கும் மருந்தையும் கையோடு கொண்டுவருகிறார். நம் ஊரில் வீடியோ பார்த்துத் தொப்புள்கொடி வெட்டுவதை அதோடு சேர்த்துப் பேச வேண்டாம்.

அவளோடு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வாரம் ஒருமுறை பிரஷர் பார்க்க வேண்டும். தேதிக்குக் கொஞ்சம் முன்பே கீழே வந்துவிட வேண்டும். பக்கத்தில் அத்தை இருக்கலாம். எது செய்தாலும் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்வோம்.

பிரஷர் மறுபடியும் ஏறியது. மறுபடியும் டிரிப்ஸ்தான். இந்த முறை அவளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். "பத்து நிமிசத்துல நாலு சிஸ்டர், அஞ்சு ஆகல." அத்தை இடுப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

பெண் குழந்தை. பிறந்த உடனே 10 யூனிட் ஊசியைத் தொடையில் போடப் போனேன்.

"இது எதுக்கு?"

"ரத்தம் போகாம இருக்க. டிரிப்ஸ்ல ஏறுச்சே, அதே மருந்துதான் கண்ணு."

"அதேவா?" என்றவள், காலை என் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.