வாயேஜர் பேசுவது நமக்கு எப்படிக் கேட்கிறது?

1980களில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் ‘ஸ்டார் ட்ரெக்’ பார்த்தவர்கள் சென்னையில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஓடிய தொடர் அது. 1979 டிசம்பரில் ராபர்ட் வைஸ் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. படம் கொஞ்சம் இழுவைதான். ஆனாலும் அதன் முடிச்சு எனக்குப் பிடிக்கும்.

பூமியை நோக்கி ஒரு மாபெரும் எந்திரம் வருகிறது. பெயர் விஜர். தன்னைப் படைத்தவரைத் தேடுகிறதாம். கடைசியில் பெயர்ப்பலகையில் படிந்த அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் ‘வாயேஜர் 6’. நாசா என்றைக்கோ அனுப்பிய விண்கலம்! சரியான சங்கேதம் வந்தால் சேகரித்த தகவலையெல்லாம் அது பூமிக்கு அனுப்பிவிட வேண்டும். சங்கேதமும் வருகிறது. உடனே விஜர் தன் ஆன்டெனா ஒயரைத் தானே எரித்துக்கொள்கிறது. ரேடியோவெல்லாம் வேண்டாம், படைத்தவர் நேரில் வரட்டும் என்கிற பிடிவாதம்.

நிஜத்தில் வாயேஜர்கள் இரண்டுதான். இரண்டுமே 1977இல் கிளம்பியவை. அவற்றில் உள்ள தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து பதிவாகியிருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, தமிழ் இல்லை. அந்த வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாயேஜர் 1 இப்போது 2,500 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. ஒளியின் வேகத்தில் வரும் ரேடியோ அலைக்கே அங்கிருந்து இங்கே வர 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அனுப்பும் கருவியின் திறனோ 20 வாட் சொச்சம். எப்படிக் கேட்கிறது?

மொட்டை மாடியில் டிடிஎச் ஆன்டெனா பொருத்த வருபவரைக் கவனித்திருப்பீர்கள். போல்ட்டைத் தளர்த்தி, குடையை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். கண் மீட்டரிலேயே இருக்கும். இரண்டு டிகிரி விலகினால் படம் போய்விடும். அந்தச் செயற்கைக்கோள் இருப்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். வாயேஜர் 1 அதைவிட ஏறக்குறைய 7 லட்சம் மடங்கு தொலைவில் இருக்கிறது. தொலைவு இரண்டு மடங்கானால் அலையின் வலிமை நாலில் ஒன்றாகக் குறையும். அந்தக் கணக்கில் பார்த்தால், தூரத்தால் மட்டுமே ஏற்படும் இழப்பு கிட்டத்தட்ட 50 ஆயிரம் கோடி மடங்கு.

இதைச் சமாளிக்க முதல் வழி, அலையைச் சிதற விடாமல் குவிப்பது. வாயேஜரின் 3.7 மீட்டர் குடை அதை அரை டிகிரி அளவுள்ள கற்றையாக்கி பூமியை நோக்கி அனுப்புகிறது. அப்படியும் இங்கே வந்து சேரும்போது கற்றையின் அகலம் 20 கோடி கி.மீ.யைத் தாண்டிவிடும். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்! அதில் நாம் பிடிப்பது 70 மீட்டர் அகலத் துண்டு ஒன்றை. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் அந்த ராட்சதக் குடைகள் இருக்கின்றன. பூமி சுழலச் சுழல வேலை ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும். அவற்றில் விழும் சக்தி எவ்வளவு? ஒரு வாட்டை நூறு கோடித் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி நூறு கோடியாக்கினால் கிடைக்குமே, ஏறக்குறைய அவ்வளவு.

இத்தனை மெல்லிய அலையை ஆம்ப்ளிஃபயரின் சொந்த வெப்ப இரைச்சலே விழுங்கிவிடும். அதனால் அதை மைனஸ் 250 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்விக்கிறார்கள். அப்புறம்தான் முக்கியமான தந்திரம்: மெதுவாகப் பேசுவது. 1979இல் வியாழன் கோளின் அருகிலிருந்து விநாடிக்கு 1,15,200 பிட் வரை அனுப்பிய கலம் இப்போது பெரும்பாலும் 160 பிட்தான் அனுப்புகிறது. ஒவ்வொரு பிட்டும் நீண்ட நேரம் நிலைத்து நிற்கும். இரைச்சல் கூடியும் குறைந்தும் தாறுமாறாக ஆடுவதால், அந்த நேரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் பெருமளவு தன்னைத்தானே ரத்து செய்துகொள்ளும். சமிக்ஞை ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். மீதமுள்ள பிழைகளைத் திருத்த, செய்தியோடு கூடுதல் பிட்டுகளும் வருகின்றன.

குடை பூமியைப் பார்த்தே இருக்க வேண்டுமே, அதற்கு? சூரியன் ஒரு அடையாளம், ஒரு நட்சத்திரம் இன்னொன்று. நட்சத்திரத்தைக் கவனிக்கும் கருவிக்குக் கேனோபஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம்மூரில் அது அகத்திய நட்சத்திரம். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிவாக்கில் பெசன்ட் நகர் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், அதிக உயரமில்லாமல் பளிச்சென்று தெரியும்.

படத்தில் விஜர் வேண்டுமென்றே செய்ததை, 2023 ஜூலையில் மனிதர்கள் கைத்தவறலாகச் செய்தார்கள். தவறான கட்டளை ஒன்று போய், வாயேஜர் 2இன் குடை 2 டிகிரி விலகியது. பேச்சு நின்றது. தானாகத் திசை திருத்திக்கொள்ள அக்டோபர் 15 வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கலம் தெற்கு வானில் இருப்பதால் கான்பெராவால் மட்டுமே அதனுடன் பேச முடியும். அங்கிருந்து முழு வலிமையில் ஒரு ‘கத்தல்’ அனுப்பினார்கள். போக 18.5 மணி, பதில் வர 18.5 மணி. ஆகஸ்ட் 4 அன்று பதில் வந்துவிட்டது.

இப்போதைய கவலை மின்சாரம். புளுட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து கிளம்பும்போது 470 வாட் கிடைத்தது. வருடத்துக்கு 4 வாட் வீதம் குறைகிறது. ஹீட்டர்களையும் அறிவியல் கருவிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தி வருகிறார்கள். ரேடியோவில் மட்டும் கைவைக்கவில்லை.