இன்சுலின் ‘கணையநீர்’ அல்ல

சீனி வருத்தம் (நீரிழிவு) பற்றிய துண்டுப்பிரசுரங்களில் ‘கணையநீர் ஊசி’ என்று போடுகிறார்கள். இன்சுலினைத்தான் சொல்கிறார்களாம். எங்கள் மட்டக்களப்பில், கல்லடியில் ஒரு பெத்தா (பாட்டி) சொன்னாலும், காத்தான்குடியில் ஒரு மூத்தம்மா சொன்னாலும் அது ‘இன்சுலின் ஊசி’. பிறகு யாருக்காக இந்தச் சொல்?

வேர் எளிது. இலத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு. 1869இல் ஜேர்மன் ஆய்வாளர் பவுல் லங்கர்கான்ஸ் கணையத்துக்குள் (பள்ளியில் நாம் படித்த பெயர் சதையி) தனித்தனியாகத் திரண்டு கிடந்த உயிர்க்கலங்களைக் கண்டார். அவை பின்னர் லங்கர்கான்ஸ் சிறுதீவுகள் ஆயின. இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் இன்சுலின் சுரப்பது அங்கே. வாவி நடுவே புளியந்தீவில் நகரத்தை வைத்திருக்கும் நமக்கு இது போதும்.

‘கணையநீரில்’ என்ன பிழை? அந்தப் பெயருக்கு ஏற்கெனவே உரிமையாளர் உண்டு. கணையம் இரண்டு வேலை செய்கிறது. சீரணச் சாறொன்றைக் குழாய் வழியே சிறுகுடலுக்கு அனுப்புகிறது. இன்சுலினைக் குழாயின்றி நேரே இரத்தத்தில் விடுகிறது. முதலாவதுதான் கணையநீர். அதிலிருந்து குடலில் உருவாகும் திரிப்சின் என்ற நொதியம் புரதங்களை அறுக்கும். இன்சுலினும் ஒரு புரதம். சாறு அதை அழித்துவிடும் என்று எண்ணித்தான் 1921இல் ரொறன்ரோவில் இன்சுலினைத் தேடிய ஆய்வாளர்கள் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையக் குழாயைக் கட்டி, சாறு சுரக்கும் பகுதி நலிந்த பிறகு சிறுதீவுகளின் சுரப்பை எடுக்கப் பார்த்தார்கள். இன்றும் இன்சுலினை விழுங்காமல் ஊசியாக ஏற்றுவது, வயிற்றிலும் குடலிலும் அது சீரணமாகிவிடும் என்பதால்தான். ஆக, கொல்பவன் பெயரை எடுத்துச் சாகிறவனுக்குச் சூட்டியிருக்கிறார்கள்! சரி, ‘தீவுச்சுரப்பு’ என்று வைக்கலாமே என்பார்கள். அதே தீவுகளில், இரத்தத்தில் சீனியை ஏற்றுகிற குளுக்ககோனும் சுரக்கிறதே, அதை என்ன செய்வது? இன்சுலின் என்றே எழுதுங்கள். பேருந்தையும் பஸ்ஸையும் ஒன்றாக வைத்திருக்கிற தமிழ் இதனால் தேய்ந்துவிடாது.

தனித்தமிழ் எனக்குப் பகையில்லை. ‘நீரிழிவு’ அருமையான சொல். நீர் மிகுதியாக இழிவதைச் சொல்லிவிடுகிறது. ‘சர்க்கரை நோய்’தான் இங்கே இடறும். எங்களுக்குச் சர்க்கரை பொங்கலுக்குப் போடுவது, தேநீருக்குப் போடுவது சீனி. சீனியை விட்டுச் சர்க்கரைக்கு மாறினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் எதைத் தெளிவாக்கும்?

இன்னும் மோசம் ‘இன்சுலின் எதிர்ப்பு’. நோய் எதிர்ப்புச் சக்தி நல்லது என்று கேட்டுப் பழகிய காதுக்கு இதுவும் நல்ல செய்திதான். உண்மையில் இன்சுலின் இருந்தும் கலங்கள் அதன் சொல் கேட்பதில்லை. ‘இன்சுலினுக்கு மசியாமை’ என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளரின் பேனா முனை உடைந்துவிடுமா?